ஏபிஏஆர்ல 5.5 வாங்கின டீச்சருக்கு

நீ கேட்டத முதல்ல சுருக்கமா எழுதிடறேன்மா, படிக்கற மத்தவங்களுக்கும் புரியணும்ல. த்ரிலோக்புரி பக்கம் ஒரு அரசுப் பள்ளியில டிஜிடி மேத்ஸா, அதாவது ஆறுல இருந்து பத்தாம் கிளாஸ் வரைக்கும் கணக்கு எடுக்கற டீச்சரா, சேர்ந்து ரெண்டாவது வருஷம் நடக்குது, முதல் ஏபிஏஆர், அதாவது வருஷா வருஷம் நம்ம வேலைய மதிப்பிட்டு எழுதற அறிக்கை, கைக்கு வந்திருக்கு, மார்க் 10க்கு 5.5, அதாவது ‘குட்’. பிரின்சிபல் ஒரு நாள் கூட உன் கிளாஸ்ல உக்காந்து பாத்ததில்ல, கல்வித்துறை ஜோன் ஆபீஸ்ல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தவங்களும் பசங்களோட காப்பிய, அதாவது நோட்டுப் புஸ்தகத்த, மட்டும் புரட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. அப்ப இந்த மார்க்க எதை வெச்சுப் போட்டாங்க, இதனால வேலைக்கு ஆபத்து உண்டா, பாடம் நடத்தறதுல நான் எங்க தப்பு பண்றேன்னு யார் எனக்கு சொல்லித் தருவாங்க, இந்த மூணும்தான் உன் கேள்வி. மூணாவதுதான் பெரிய கேள்வி, ஆனா முதல் ரெண்டும் உன் தூக்கத்தக் கெடுக்குதுன்னு நீ எழுதின விதத்துலயே தெரியுது, அதனால அத முதல்ல முடிச்சுடலாம்.

நான் டெல்லி அரசுப் பள்ளிகள்ல 30 வருஷத்துக்கு மேல மேத்ஸ் எடுத்தவ. காலைல பெண்கள் ஷிஃப்ட், சாயங்காலம் பசங்க ஷிஃப்ட், ரெண்டுலயும் இருந்திருக்கேன். நடுவுல மூணு வருஷம் மென்டார் டீச்சர், கடைசியில வைஸ் பிரின்சிபல். பிரின்சிபல் போஸ்ட் காலியா இருந்த பள்ளியில நானே எச்ஓஎஸ்ஸா, அதாவது பள்ளித் தலைமைப் பொறுப்புல, இருந்து மத்தவங்களுக்கு இதே ஃபார்ம் நிரப்பியிருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

ஏபிஏஆர் கணக்கு ஏப்ரல்ல தொடங்கி மார்ச்ல முடியும். முதல் பகுதிய நீயே எழுதணும், எந்தெந்த கிளாஸ் எடுத்தேன், ரிசல்ட் என்ன, வேற என்ன பொறுப்பு பாத்தேன்னு. அதுக்கு மேல எச்ஓஎஸ் 1ல இருந்து 10க்குள்ள மார்க் போடுவார், அவருக்கு மேல இருக்கற ஆபீசர் அத ஒத்துக்கலாம், மாத்தவும் செய்யலாம். செஞ்ச வேலைக்கு 40 சதவீதம், தனிப்பட்ட குணத்துக்கு 30, வேலை செய்யற திறமைக்கு 30. 8க்கு மேல அவுட்ஸ்டாண்டிங், 6ல இருந்து 8க்குள்ள வெரி குட், 4ல இருந்து 6க்குள்ள குட், 4க்குக் கீழ போனா சுத்தமா மதிப்பே கிடையாது. இது மத்திய அரசு ஊழியர்களுக்குன்னு வந்த அச்சு, ஆபீஸ்ல ஃபைல் பாக்கறவருக்கும் உனக்கும் அடிப்படைக் கணக்கு ஒண்ணுதான். ஒரு தடவை குட் வந்ததால உன் வேலை போகாது, அதுக்காக ராத்திரி முழிச்சிருக்காதே. ஆனா பின்னால வர்ற பதவி உயர்வுல வெரி குட்தான் பெஞ்ச்மார்க், அதாவது குறைஞ்சது இருக்க வேண்டிய அளவுன்னு வெச்சுட்டாங்கன்னா, ‘குட்’ங்கற நல்ல வார்த்தையே உன் கால இழுத்துடும்.

இதுக்குப் பின்னால ஒரு கேஸ் இருக்கு, உன் மாதிரி இருக்கற எல்லா டீச்சரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். எல்லைப் பக்கம் ரோடு போடற பார்டர் ரோட்ஸ்ல தேவ் தத்னு ஒரு என்ஜினியர், அவருக்கும் இதே ‘குட்’தான் விழுந்துச்சு, பெஞ்ச்மார்க் வெரி குட், அதனால பதவி உயர்வு கிடைக்கல, ஆனா குட் போட்டதையே அவர்கிட்ட யாரும் சொல்லல, ஏன்னா அப்ப மோசமா எழுதினா மட்டும்தான் ஆளுக்குத் தெரியப்படுத்துவாங்க. 2008ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, நல்லதோ கெட்டதோ எல்லாக் குறிப்பையும் ஊழியருக்குக் காட்டணும்னு. 2009ல இருந்து முழு அறிக்கையும் கைக்கு வர ஆரம்பிச்சது. உன் கையில இன்னிக்கு அந்தக் காகிதம் இருக்குன்னா அதுக்குக் காரணம் அந்த மனுஷன்.

அதுக்கு முந்தின காலத்துல நான் மாட்டிக்கிட்டேன். 90கள்ல ஒரு பள்ளியில, பேர் வேண்டாம், எனக்கு ‘ஆவரேஜ்’னு எழுதியிருந்தாங்க. குழந்தை பொறந்து லீவு முடிஞ்சு வந்த வருஷம் அது, ஒரு நாளும் கிளாஸ விட்டு நகரல, இருந்தும் அப்படி. எனக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு அப்புறம் சேர்ந்தவ பதவி உயர்வுல பிஜிடி, அதாவது பதினொண்ணு, பன்னெண்டாம் கிளாஸ் டீச்சர், ஆயிட்டா, நான் ஆகல, ஏன்னு புரியாம ரெண்டு வருஷம் என் பாடத்துலயே ஏதோ கோளாறுன்னு நெனச்சு வெந்துக்கிட்டிருந்தேன், அப்புறம் ஆபீஸ்ல ஒருத்தர் இரக்கப்பட்டு விஷயத்தச் சொன்னார். இன்னமும் அது மனசுல இருக்கு.

அதனால உனக்கு நான் சொல்றது, அறிக்கை கைக்கு வந்த தேதியில இருந்து 15 நாள் டைம், அதுக்குள்ள ரெப்ரசென்டேஷன், அதாவது மார்க்க மறுபடி பாக்கச் சொல்லி ஒரு மனு, எழுதிக் குடு. கோபமா எழுதாதே, பிரின்சிபல் மேல குற்றம் சொல்லாதே, விவரம் மட்டும் எழுது: எத்தனை செக்‌ஷன் எடுத்தே, வருஷ ஆரம்பத்துல பசங்க எங்க இருந்தாங்க, முடிவுல எங்க வந்தாங்க, சனிக்கிழமை எக்ஸ்ட்ரா கிளாஸ் எடுத்தியா, தேர்தல் வேலைக்கு எத்தனை நாள் இழுத்தாங்க. மார்க் போட்டவர் உன் வேலைய குறைஞ்சது 3 மாசமாவது பாத்திருக்கணும்னு விதி இருக்கு, வருஷ நடுவுல பிரின்சிபல் மாறியிருந்தா அதையும் பாத்துக்கோ. மாறுமோ மாறாதோ, உன் எழுத்து ஃபைல்ல இருக்கும், நாளைக்கு வேற யாராவது தெறந்தா அதையும் படிப்பாங்க.

சரி, இப்ப உன் மூணாவது கேள்வி.

இந்த மார்க்குக்குள்ள உன் வகுப்பறை எவ்வளவு இருக்குன்னு யோசிச்சுப் பாரு. பெரும்பாலும் ரிசல்ட்தான் பேசும். ஆனா ரிசல்ட் உன்னால மட்டும் வர்றதா? டெல்லியில அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் நிறைய குழந்தைங்க கார்ப்பரேஷன் பள்ளியில படிச்சுட்டு ஆறாம் கிளாஸ்லதான் நம்மகிட்ட வர்றாங்க. 2016ல படிப்புல பின்தங்கின பசங்களுக்காக டெல்லி அரசு சுனௌத்தி திட்டம் ஆரம்பிச்சப்ப ஆறாம் கிளாஸ்ல படிக்க வெச்சுப் பாத்தாங்க, கிட்டத்தட்ட முக்கால்வாசிக் குழந்தைங்களால அவங்க ஹிந்தி புஸ்தகத்துல ஒரு பத்தி கூட வாசிக்க முடியல. அந்தக் குழந்தைக்கு நீ எட்டாம் கிளாஸ்ல ஆல்ஜீப்ரா சொல்லித் தரணும், வேர்டு ப்ராப்ளம வாசிக்கவே தடுமாறுதே, அப்புறம் எக்ஸ் எங்க வரும் ஒய் எங்க வரும்? 2025 ஜூன்ல ஜங்புரா மதராசி கேம்ப இடிச்சாங்களே, நம்ம ஜனங்கதான் அங்க முக்கால்வாசி, ஃப்ளாட் கிடைச்சவங்களுக்கு நரேலா, அது 40 கிலோமீட்டர் கிட்ட தள்ளி, லோதி எஸ்டேட்ல டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தோட டிடிஇஏ பள்ளியில தமிழ் படிச்சுக்கிட்டிருந்த குழந்தைங்க எத்தனை பேர் அந்தப் படிப்ப விட வேண்டியதாச்சு. அந்த மாதிரி ஒரு புள்ள வருஷ நடுவுல வந்து உன் கிளாஸ்ல உக்காந்தா, மார்ச்ல அது வாங்கற மார்க் உன்னப் பத்தி என்ன சொல்லும்? வீடு இடிஞ்சதப் பத்தி சொல்லும்.

அமெரிக்காவுல இந்தக் கணக்க ரொம்ப தீவிரமா போட்டுப் பாத்தாங்க, பசங்க டெஸ்ட் மார்க் எவ்வளவு ஏறுச்சுன்னு வெச்சு ஒவ்வொரு டீச்சருக்கும் ரேங்க். 2012ல நியூயார்க்ல சுமார் 18,000 டீச்சர்களோட ரேங்க பேரோட வெளியிட்டாங்க, எவ்வளவு பேர் தலை குனிஞ்சிருப்பாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த நாட்டு புள்ளியியல் சங்கமே அறிக்கை விட்டது, டெஸ்ட் மார்க்ல தெரியற வித்தியாசத்துல டீச்சரால வர்றது 1ல இருந்து 14 சதவீதம்தான்னு பெரும்பாலான ஆய்வுகள் சொல்லுது, மிச்சம் டீச்சர் கையில இல்லாத விஷயம்னு. அதுக்காக டீச்சர் முக்கியமில்லன்னு நான் சொல்ல வரல. ஒரு கிளாஸோட மார்க்க வெச்சு ஒரு ஆளோட தரத்தச் சொல்லிட முடியாதுன்னு சொல்றேன்.

அடுத்தது இன்ஸ்பெக்‌ஷன். வர்றவங்க பாக்கறது டீச்சர் டைரி, லெசன் ப்ளான், அட்டெண்டன்ஸ், அப்புறம் காப்பில சிவப்பு மை. ஒவ்வொரு பக்கத்துலயும் டிக், கையெழுத்து, தேதி. இதுல என்ன ஆகுதுன்னா, டிக் போடணும்னா கணக்கு சரியா இருக்கணும், சரியா இருக்கணும்னா போர்டுல எழுதி காப்பி பண்ண வைக்கணும். 45 காப்பிலயும் ஒரே கணக்கு, ஒரே விடை, பாக்க அழகா இருக்கும். 1/3ஐயும் 1/4ஐயும் கூட்டினா 2/7னு நெனக்கற புள்ள அந்த காப்பில எங்கயுமே தெரிய மாட்டா. அவ தப்பு அவ தலைக்குள்ளயே இருந்து பத்தாம் கிளாஸ் போர்டு எக்ஸாம்லதான் வெளிய வரும். நாம எதை செக் பண்றோமோ அது நல்லா தெரியும், அதுக்குப் பின்னால இருக்கறது எல்லாம் மறைஞ்சு போகும். டீச்சருக்கும் இதே கதைதான்மா. மார்க் போடறவர் வந்து பின்னால உக்காந்தா எந்த டீச்சரும் தன் பலவீனத்தக் காட்ட மாட்டா, ஏற்கனவே ஒத்திகை பாத்த பாடத்த நடத்துவா. பலவீனத்தக் காட்டாம எப்படி கத்துக்கறது?

இத நான் படிச்சு தெரிஞ்சுக்கல, 2016ல மென்டார் டீச்சரா போனப்ப பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வருஷம் டெல்லி அரசு 200 டீச்சர்கள எடுத்து, ஆளுக்கு அஞ்சாறு பள்ளி குடுத்து, கிளாஸ்ல உக்காந்து கூட இருந்து உதவுங்கன்னு அனுப்பிச்சது. முதல் மாசம் நான் ஸ்டாஃப் ரூமுக்குள்ள நுழைஞ்சா பேச்சு நின்னுடும். ‘ஜாசூஸ் ஆகயீ’ன்னு ஒருத்தர் சொன்னது காதுல விழுந்துச்சு, உளவு பாக்க வந்திருக்கான்னு. அவங்க மேல தப்பே இல்ல, அத்தனை வருஷமா கிளாஸுக்குப் பின்னால வந்து உக்காந்தவங்க எல்லாரும் ஏதாவது எழுதிக்கிட்டுப் போனவங்கதான்.

ஒரு பள்ளியில எச்ஓஎஸ் கூப்பிட்டு, அந்த மேடம் சரியா எடுக்கறதில்ல, நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் குடுங்கன்னு கேட்டார். முடியாதுன்னு சொன்னேன், என் வேலை அது இல்ல சார்னேன். அவருக்கு முகம் மாறிப் போச்சு. ஆனா அந்த விஷயம் எப்படியோ ஸ்டாஃப் ரூமுக்குப் போயிடுச்சு, அடுத்த வாரம் அந்த மேடமே வந்து, ஏழாம் கிளாஸ் ஃப்ராக்‌ஷன் எடுக்கப் போறேன், வந்து உக்காருங்களேன்னு கூப்பிட்டாங்க. அன்னிக்குத்தான் என் மென்டார் வேலை ஆரம்பிச்சதுன்னு வெச்சுக்கோ.

அந்த கிளாஸ்ல நான் ஒரு பேப்பர்ல பெஞ்ச் வரைபடம் போட்டு, யார்கிட்ட கேள்வி போகுதுன்னு புள்ளி மட்டும் வெச்சேன், நல்லது கெட்டதுன்னு ஒரு வார்த்தை எழுதல. ‘சமஜ் மே ஆயா?’, புரிஞ்சுதான்னு அவங்க கேக்கறதையும் எண்ணினேன், ஒரு பீரியட்ல 22 தடவை, ஒவ்வொரு தடவையும் மொத்த கிளாஸும் ‘யெஸ் மேம்’. புள்ளிகள் எல்லாம் முன் பெஞ்சுல இருக்கற நாலு பொண்ணுங்க மேல. பீரியட் முடிஞ்சதும் பேப்பர அவங்க கையில குடுத்தேன், நான் எதுவும் சொல்லல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, ‘பின்னாடி மூணு வரிசைல நான் யாரையுமே கேக்கலையா’ன்னாங்க, கண்ணு கலங்கிடுச்சு. 17 வருஷ சர்வீஸ் அவங்களுக்கு, அத்தனை வருஷத்துல யாரும் இத காட்டினதில்ல. அடுத்த தடவ ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணு முடிவு பண்ணினோம், பாடம் முடியறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னால எல்லாருக்கும் ஒரு துண்டுச் சீட்டு, ஒரே ஒரு கணக்கு, பேர் எழுத வேண்டாம். சீட்ட வாங்கி டேபிள்ல மூணு குவியலா பிரிச்சா 2/7 குவியல்தான் உசரமா இருந்துச்சு. மறுநாள் அவங்க புது பாடம் எடுக்கல, ரொட்டிய மூணா கிழிச்சு நாலா கிழிச்சு அந்த குவியலுக்காகவே ஒரு பீரியட் எடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சு ஒரு டீச்சர் முன்னேறறதுன்னா இதுதான்.

எதிர்ப்பக்கமும் நியாயமா சொல்லணும். நம்ம ஊர்லயே ஆந்திராவுல 2005ல இருந்து கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் கிராமத்து அரசுப் பள்ளிகள்ல பெரிய சோதனை பண்ணாங்க. பசங்க மார்க் ஏறினா டீச்சருக்கு போனஸ், சராசரியா வருஷ சம்பளத்துல ஒரு 3 சதவீதம்தான், அந்தப் பள்ளிகள்ல மார்க் நெஜமாவே ஏறுச்சு. வேற சில பள்ளிகளுக்கு போனஸ் இல்லாம, பசங்க எங்க பின்தங்கியிருக்காங்கன்னு விவரமான ரிப்போர்ட்டும், ஆள் வந்து கிளாஸ பாக்கறதும் மட்டும். அங்க ஆள் பாக்கறப்ப டீச்சர்கள் சுறுசுறுப்பா இருந்தாங்க, ஆனா பசங்க மார்க் ஏறல. இதப் படிச்சப்ப எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு, பாத்து சொன்னாலே போதும்னு நம்பினவ நான். ஆனா திரும்பத் திரும்ப யோசிச்சா அதுலயும் ஒரு பாடம் இருக்கு: ரிப்போர்ட்ட கையில குடுத்துட்டுப் போறது உதவி இல்ல. அடுத்த நாள் பாடத்த கூட உக்காந்து ப்ளான் பண்ண ஆள் வேணும், ரெண்டு வாரம் கழிச்சு திரும்பி வர ஆள் வேணும். போனஸ் விஷயத்துல, டீச்சர் வர்றதே நிச்சயமில்லாத இடத்துல அது வேலை செய்யலாம்னு ஒத்துக்கறேன், 2003ல நாடு முழுக்க சொல்லாம போய்ப் பாத்தப்ப அரசு ஆரம்பப் பள்ளிகள்ல நாலுல ஒரு டீச்சர் பள்ளியிலயே இல்ல. ஆனா தினமும் வந்து உயிரக் குடுத்து எடுத்தும் பசங்களுக்கு ஏன் புரியலன்னு தெரியாம நிக்கற உன் மாதிரி டீச்சருக்கு 3 சதவீதம் பணம் எந்த வழியையும் காட்டாது.

ட்ரெயினிங் பத்தி அதிகம் சொல்ல வேண்டாம். புதிய கல்விக் கொள்கை வருஷத்துக்கு 50 மணி நேரம்னு சொல்லுது. 2019ல நிஷ்டான்னு மத்திய அரசோட டீச்சர் ட்ரெயினிங் திட்டம் வந்துச்சு, கொரோனா சமயத்துல அது தீக்‌ஷா தளத்துல வீடியோவா மாறிச்சு, சில மாட்யூல் நல்லாவே இருக்கு, ஆனா அடுப்புல குக்கர வெச்சுட்டு பக்கத்துல போன்ல வீடியோ ஓட விட்டு சர்டிஃபிகேட் எடுத்தவங்கள எனக்குத் தெரியும், அவங்களக் குறை சொல்ல மாட்டேன், பள்ளி நேரத்துல அதுக்குன்னு ஒரு பீரியட் ஒதுக்கிக் குடுத்தவங்க யாரு? ஃபின்லாந்துக்கு டீச்சர்கள அனுப்பறதா வேண்டாமான்னு 2023ல டெல்லியில எவ்வளவு பெரிய சண்டை, முதலமைச்சரே எல்ஜி, அதாவது துணைநிலை ஆளுநர், வீடு வரைக்கும் நடந்து போனார். அந்த நாட்டுல 90கள்லயே ஸ்கூல் இன்ஸ்பெக்‌ஷன எடுத்துட்டாங்கங்கறத அந்த சண்டையில யாரும் பேசினதா எனக்கு ஞாபகம் இல்ல. எனக்கு அதான் வருத்தம்.

கெஸ்ட் டீச்சர்கள் கதை இன்னும் மோசம். அவங்களுக்கு நாள் கணக்குல சம்பளம், கோடை லீவுல கிடையாது, இந்த ஏபிஏஆர் தொந்தரவு இல்லாட்டியும் அடுத்த வருஷம் இருப்போமாங்கற பயம் அத விடப் பெரிய தொந்தரவு. உன் ஸ்டாஃப் ரூம்ல இருப்பாங்க, அவங்கள ஒதுக்கி வெக்காதே, சொல்லித் தர்றதுல அவங்கள்ல சிலர் நம்மள விட கெட்டிக்காரங்க.

இப்ப நீ என்ன பண்ணலாம்னா, முதல்ல உன் பள்ளியில டிடிசின்னு யாராவது இருக்காங்களான்னு கேளு. டீச்சர் டெவலப்மென்ட் கோஆர்டினேட்டர், 2017ல இருந்து பள்ளிக்கு ஒருத்தர்னு போட்டாங்க, சக டீச்சர்தான், மார்க் போடற அதிகாரம் கிடையாது. அப்படி யாரும் இல்லன்னா, இல்ல பேருக்கு மட்டும் இருந்தா, நீயே ஒரு ஆளத் தேடிக்கணும். அதுக்கு இப்ப ஒரு நல்ல நேரம். 2025 செப்டம்பர் 1ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துச்சுல்ல, எட்டாம் கிளாஸ் வரைக்கும் எடுக்கறவங்க, ரிட்டயர் ஆக 5 வருஷத்துக்கு மேல இருந்தா 2 வருஷத்துக்குள்ள டெட், அதாவது டீச்சர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணியே ஆகணும்னு. அந்தத் தீர்ப்பு வந்ததுல இருந்து இருபது வருஷ அனுபவம் இருக்கற சீனியர்கள் பயந்து போய் புஸ்தகத்தோட உக்காந்திருக்காங்க, அவமானமாவும் நெனக்கறாங்க. நீ சிடெட், அதாவது மத்திய அளவுல நடக்கற அந்தத் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணி வந்தவ, குழந்தை மனோதத்துவம் எல்லாம் உனக்கு இன்னும் மறந்திருக்காது. ஒரு சீனியர் மேடம்கிட்ட போய், தீதி, உங்களுக்கு அந்தப் பகுதிய நான் சொல்லித் தரேன், எனக்கு நீங்க வாரத்துல ஒரு பீரியட் என் கிளாஸ்ல வந்து உக்காருங்கன்னு கேளு. ரெண்டு பேர் டைம் டேபிளயும் பக்கத்துல வெச்சுப் பாத்தா அவங்களோட ஒரு ஃப்ரீ பீரியட் கண்டிப்பா கிடைக்கும், வராத டீச்சருக்குப் பதிலா போற அரேஞ்ச்மென்ட் பீரியட்ல மாட்டாத நாளா பாத்துக்கோ.

வர்றவங்ககிட்ட ‘எப்படி இருந்துச்சு’ன்னு பொதுவா கேக்காதே, நல்லாத்தான் இருந்துச்சுன்னு மரியாதைக்குச் சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒரே ஒரு விஷயத்த முன்னாடியே சொல்லு, நான் யார் யார்கிட்ட கேக்கறேன்னு புள்ளி வைங்க, இல்ல கேள்வி கேட்டுட்டு எத்தனை செகண்ட் காத்திருக்கேன்னு எண்ணுங்கன்னு சொல்லு. அந்தப் பேப்பர் உன்னோடது, பிரின்சிபலுக்குப் போகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் முதல்லயே பேசிக்கோங்க.

ரெப்ரசென்டேஷன இந்த வாரத்துக்குள்ள குடுத்துட்டு, வாங்கிக்கிட்டதுக்கு ரிசீவிங் கையெழுத்து வாங்கி வெச்சுக்கோ. துண்டுச் சீட்டுக்குப் பழைய எக்ஸாம் பேப்பரோட பின்பக்கம் போதும், நாலா கிழிச்சா 45 பேருக்கு 12 தாள் ஆகும். முதல் தடவை எட்டாம் கிளாஸ்ல மைனஸ் நம்பர்லயே ஆரம்பி, -3ல இருந்து -5ஐக் கழிக்கச் சொல்லு, எத்தனை பேர் -8னு எழுதறாங்கன்னு எண்ணி எனக்கு எழுது. அந்தக் குவியல வெச்சு அடுத்த பாடத்த நாம சேர்ந்து போடலாம்.